கயிறு பிடிக்க ஆளில்லை

சேசு மரி சூசை

திரேஸ்புரம்,
தூத்துக்குடி,
7-12-78

மகன் இனிகோவுக்கு அம்மா எழுதுவது.

கடிதத்தில் முதலில் நலம் என்று எழுத வேண்டும் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் அந்த வார்த்தையை இங்கே எழுதிவைக்கிறேன், நீ அதை நம்ப வேண்டாம். உன் நலத்தையும் நான் விசாரிக்கப்போவதில்லை. புத்தகத்தில் உன் படம் பார்த்தேன், டை கட்டியிருக்கிறாய், கன்னம் உப்பியிருக்கிறது, வேளாவேளைக்குச் சமைத்துப் போட என் தம்பி சிலுவை பக்கத்திலேயே இருக்கிறான், உனக்கென்ன குறை. இங்கே போன மாதப் புயலில் குசினிக் கூரையில் ஓடு பறந்துபோய் மாற்றியாகிவிட்டது. உன் தங்கை பேபி டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டாள். பக்கத்து வீட்டு அல்போன்சாவின் ஆடு இரண்டு குட்டி போட்டு ஒன்று தங்கியது. சவேரியார் திருநாள் பூசைக்கு எல்லாரும் போய்வந்தோம். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். இனி எழுத வந்ததை எழுதுகிறேன், நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. சிலுவை அறையில் இருந்தால் அவனை ஏதாவது வாங்கிவரக் கடைக்கு அனுப்பிவிட்டுப் படி.

போன கடிதத்தில் கேட்டிருந்தாய், பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலர் வந்து சேர்ந்ததா, என் கட்டுரைக்கு அப்பா என்ன சொன்னார் என்று. வந்து சேர்ந்தது. அக்டோபர் கடைசியில் வந்தது. உன் அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது என்பது கட்டுரை எழுதுகிற மும்முரத்தில் உனக்கு மறந்திருக்கும். அவர் மலரை இரண்டு கையாலும் வாங்கி உன் படத்தைத் துண்டால் துடைத்தார், அதில் தூசி ஒன்றும் இல்லை. உடனே வாசிக்கச் சொல்லவில்லை, சாயங்காலம் ஆகட்டும் என்றார். உப்புக் கிட்டங்கியில் தன் காவலுக்கு வேறு ஆளை நிற்கச் சொல்லிவிட்டு வந்து, சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தெருவில் போய்ப் பத்துப் பேரைக் கூட்டிவந்தார். அல்போன்சாவும் அவள் புருஷனும் வந்தார்கள், பழைய நாளில் உன் அப்பாவோடு சங்கு குளித்த ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள், நான் காப்பி போட்டுப் பிஸ்கோத்தும் வைத்தேன். எம்மவன் புஸ்தகத்துல எழுதிருக்காம்லா, வாசிக்கக் கேட்டுட்டுப் போங்க என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். பேபியை விளக்குக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவளும் பெருமையில் முன்கூட்டி ஒரு தடவை பார்த்துக்கொள்ளாமல், மேடையில் பேசுகிறவள் மாதிரி குரலை உயர்த்தி வாசிக்கத் தொடங்கினாள். விடாமுயற்சியே வெற்றி தரும் என்று தலைப்பு. முதல் பக்கம் முழுக்க நீ கப்பல் பட்டறையில் எண்ணெயிலும் கரியிலும் கிடந்து கஷ்டப்பட்டது, பகலில் வேலை பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் படித்தது, என்ஜினியர் பரீட்சையில் நாலு தடவை தோற்று ஐந்தாவது தடவை ஜெயித்தது. உன் அப்பா ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டாம் பக்கம் வந்தது.

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது, மறக்கலாம் என்றாலும் முடியவில்லை. "என் தந்தையார் சங்கு குளிப்பதில் பேர்பெற்றவர். ஆனால் நாற்பத்திரண்டாம் வயதில், உடலில் வலுவிருந்தும், ஒரு நாள் கல்லையும் கயிற்றையும் சுருட்டி மூலையில் போட்டுவிட்டார். விடுமுறைக்கு ஊர் வந்த நான் காரணம் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. முயற்சியைக் கைவிட்ட மனிதன் எப்படி இருப்பான் என்பதை என் வீட்டிலேயே கண்டேன். அவரைப் போல் ஆகிவிடக் கூடாது என்று அன்றே உறுதி பூண்டேன்." பேபி பாதியிலேயே திக்கிவிட்டாள், முகம் வெளுத்து என்னைப் பார்த்தாள், பக்கத்தைப் புரட்டப் போனாள். உன் அப்பா, நிறுத்தாத, வாசி என்றார். அவள் வாசித்தாள். வந்திருந்தவர்கள் எல்லாரும் காப்பிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரி வரை வாசித்து முடித்ததும் உன் அப்பா, நல்லா எழுதிருக்காம்லா என்று சொல்லி, எல்லாரையும் இன்னொரு பிஸ்கோத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் போன பிறகு கோப்பைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு புறவாசலுக்குப் போய் அவரே கழுவினார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் ஒரு கோப்பை கழுவி நான் பார்த்ததில்லை. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாயே, இதுதான் சொன்னார்.

இனி நான் சொல்வதைக் கேள். எந்தச் சூழ்நிலையிலும் பின்வாங்கியதில்லை என்று எழுதியிருக்கிறாயே, அறுபத்தேழாம் வருஷம் பம்பாய்க்குப் போன மூன்றாம் மாதமே திரும்பி ஓடிவந்தது யார்? மணியாச்சியில் வண்டி மாறத் தெரியாமல் நின்று அழுது, யாரோ ஒரு கொத்தனார் இரக்கப்பட்டு வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுப்போனாரே, அது கட்டுரையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? மறுபடி அனுப்பினோம். கிறிஸ்துமஸுக்கு லீவு என்று சொல்லிக்கொண்டு வந்தாய். லீவுக்கு வருகிறவன் மெத்தையையும் சுருட்டிக்கொண்டா வருவான்? பட்டறையில் இருந்து காகிதம் வந்தது, ஜனவரி பதினைந்துக்குள் வந்து சேராவிட்டால் பேரை அடித்துவிடுவோம் என்று. நீ அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டாய். அப்போதுதான் நான் சிலுவையை உன்னோடு ரயிலேற்றினேன். அவனுக்குப் பெண்டாட்டி செத்துப்போய்ப் பிள்ளையும் இல்லாத நேரம். அங்கே அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அதனால் கூட வருகிறான் என்று உன்னிடம் சொன்னோம். நீயும் நம்பினாய். வேலை எதுவும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை, போன பிறகுதான் அவன் கப்பல்துறையில் மூட்டை தூக்குகிற வேலையைத் தேடிப் பிடித்தான். உன்னை எழுப்பிவிட்டு, சமைத்துப் போட்டு, பட்டறை வாசல் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டுத் தன் வேலைக்கு ஓடினான். யாருடைய துணையுமின்றித் தனி அறையில் போராடினேன் என்று நீ எழுதியபோது உன் முதுகுக்குப் பின்னால் அவன் மீன் பொரித்துக்கொண்டிருந்திருப்பான்.

அந்த நாலாவது தடவை தோற்றாயே, அப்போது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சிலுவை கார்டு போட்டிருந்தான். யக்கா, பையன் பொட்டியக் கெட்டுதான், ஊருக்குப் போறேங்கான், நான் வாசல்ல குறுக்கப் படுத்துட்டேன், ரெண்டு நாளா வேலைக்குப் போகல, இன்னிக்கிப் பொஸ்தகத்த எடுத்துட்டான் என்று எழுதியிருந்தான். அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீ கட்டுரையில் நாலு பக்கம் புகழ்ந்திருக்கும் விடாமுயற்சி, அறை வாசலில் இரண்டு நாள் குறுக்கே படுத்துக் கிடந்தது. அதற்குப் பேர் சிலுவை. ஐந்து அச்சுப் பக்கத்தில் அந்தப் பேருக்கு இடம் கிடைக்கவில்லை.

அடுத்தது உன் அப்பா கைவிட்ட கதை. நம் வழக்கம் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், தெரிந்ததை மறப்பதில் நீ கெட்டிக்காரன். நம் கடற்கரையில் முங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். கல்லின் கனத்தில் எட்டுப் பாகம், ஒன்பது பாகம் ஆழத்துக்குப் போய் மூச்சை அடக்கிக்கொண்டு சங்கு தேடுகிறவன் கயிற்றை அசைத்த அந்த நிமிஷமே வள்ளத்தில் இருப்பவன் இழுக்க வேண்டும், கண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகக் கூடாது. சொந்த அண்ணன் தம்பியிடம்கூட அந்தக் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள், இவன் செத்தால் வீட்டில் அவன் பங்கு கூடும். பெண்டாட்டியின் தம்பி என்றால் அவன் கை தளர்ந்தால் தாலி அறுப்பது அவன் அக்காள், அதனால் அவன் கை தளராது. சிலுவை பதினைந்து வயதில் உன் அப்பாவுக்குக் கயிறு பிடிக்கத் தொடங்கினான். அறுபத்தொன்றில் முத்துக் குளித்தார்களே, அப்போதும் அவன்தான் பிடித்தான். உன் அப்பா மூச்சு முட்டுவதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிடும் என்று வள்ளத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் உன்னோடு அனுப்பினோம், சீசன் நடுவில், ஜனவரி மாதத்தில். இப்போது தெரிகிறதா உன் அப்பா ஏன் கல்லையும் கயிற்றையும் சுருட்டினார் என்று? வேறு இரண்டு பேர் வந்து நான் பிடிக்கிறேன் என்று கேட்டார்கள். சிலுவ வரட்டும், பாக்கலாம் என்று சொல்லிவிட்டு உப்பு மூட்டை சுமக்கப் போனார். புதுத் துறைமுகம் கட்டியபோது அங்கே கல் சுமந்தார், இப்போது கிட்டங்கிக் காவல். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஏளா, அவனுக்குத் தெரிஞ்சா அதையே சாக்கா வச்சு வந்து நிப்பான், காது சரியில்லன்னு சொல்லிருவோம் என்றார். அப்படித்தான் உன்னிடம் சொன்னார். கட்டுரைக்கு அது எடுப்பாக இருக்காது என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது, பதில் இல்லை என்று எழுதினால் இன்னும் நன்றாக இருக்கிறதுதான்.

இவ்வளவும் நடந்துபோனது, இதற்காக மட்டும் என்றால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன், உன்னை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு இருந்திருப்பேன். மலர் வாசித்த மறு வாரம் உன் அப்பா மீன் துறை ஆபீசுக்குப் போய் இந்தச் சீசனுக்குச் சங்கு குளிக்கப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். ஐம்பத்து மூன்று வயதுக்காரர் நாற்பத்தெட்டு என்று சொல்லியிருக்கிறார். பழைய கயிறு மக்கிப்போனதால் புதுக் கயிறு வாங்கிவந்து தண்ணீரில் ஊறப்போட்டார். நான் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, உம்மவன் எழுதுனதுல என்ன தப்பு, நான் விட்டுட்டேன்லா, விடாமப் பாத்தா என்ன ஆகுதுன்னு பாக்கேன் என்றார். சுவாமியாரிடம் போய் முறையிட்டேன், அவர் வீட்டுக்கே வந்து புத்தி சொன்னார், உன் அப்பா கைகட்டிக் கேட்டுக்கொண்டார், அவர் போனதும் கயிற்றில் முடிச்சுப் போட உட்கார்ந்துவிட்டார். கயிறு பிடிக்கப் பால்துரையைப் பேசியிருக்கிறார். மேலத் தெருவில் இருக்கிறான், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், கொழும்புக்குப் போகிற தோணியில் வேலை பார்த்தவன், நல்லவன்தான். ஆனால் அவன் அக்காள் வேறு யாரோ. முங்குகிறவனுக்கு அவன் கயிறு பிடித்ததும் இல்லை.

திங்கட்கிழமை வள்ளங்கள் இறங்கின. நான் கரைக்குப் போய்க் காத்திருந்தேன். பிற்பகலில் வந்தார். இடது காதில் ரத்தம் காய்ந்திருந்தது, கண் இரண்டும் சிவந்து கிடந்தது, நடக்கும்போது மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பையில் மூன்று சங்கு. மீன் துறைக்காரர்கள் கொட்டகையில் ஒவ்வொரு சங்கையும் அளவு வளையத்தில் போட்டுப் பார்ப்பார்கள் இல்லையா, வளையத்தைத் தாண்டி விழுவது சிறுசு, திரும்பக் கடலுக்குப் போக வேண்டியது. இரண்டு விழுந்துவிட்டது, ஒன்று நின்றது. அன்றைக்குக் காப்பி குடித்துவிட்டுப் போன பழைய ஆட்கள் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். சாயங்காலம் பால்துரை எங்கள் புறவாசலுக்கு வந்து என்னை மட்டும் கூப்பிட்டான். பெரியம்மா, ஒங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல, பெரியப்பா ரெண்டு தடவ கயித்த அசச்சிருக்காரு, எனக்குத் தெரியல, புதுத் தொறமொகத்துக்குள்ள ஒரு பெரிய கப்பல் வந்துச்சு, அதப் பாத்துட்டு நின்னுட்டேன், மூணாந் தடவதான் கை உணர்ந்துச்சு என்றான். உள்ளே வந்து உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் காதில் எண்ணெய்ப் பஞ்சை வைத்துக்கொண்டே, மொத நாளு அப்படித்தான் ஏளா, உம்மவன் அஞ்சு தடவ எழுதித்தான பாஸானான் என்றார். செவ்வாய்க்கிழமையும் இறங்கினார். நேற்றும் இன்றும் வாடை பலமாக அடிப்பதால் வள்ளம் கரையில் கிடக்கிறது. இந்தக் காற்று நிற்பதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் கோணல்மாணலாக எழுதுகிறேன்.

இதுவரைக்கும் படித்துவிட்டு, அம்மா நமக்காகத் தம்பியைக் கொடுத்தாள், அப்பா நமக்காகத் தொழிலைக் கொடுத்தார் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த மலருக்கு இன்னொரு கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ ஓடிவந்ததற்கு முந்தின சீசனில் ஒரு நாள் உன் அப்பாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மூக்கிலும் வாயிலும் ரத்தம், பேச்சு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு மறுபடி இறங்கினார். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இந்த மனுஷனைப் பேசி நிறுத்த முடியாது, ஆனால் என் தம்பி இல்லாவிட்டால் முங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் நீ மெத்தையோடு வந்து சேர்ந்தாய். நீ அழுதுகொண்டு வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று இனிகோ. சிலுவையை உன்னோடு அனுப்பலாம் என்று நான்தான் சொன்னேன், பையன் வாழ்க்கை என்று சொன்னேன், உன் அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றார். ஸ்டேஷனில் நீ ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாய், சிலுவை என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், யக்கா, மச்சானுக்குக் கயிறு யாரு பிடிப்பா என்று கேட்டான். ஒருத்தரும் பிடிக்க வேண்டாம் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டான்.

மூன்றாம் வருஷமே அவன் எழுதினான், பையன் நிலைச்சிட்டான், நான் வரட்டுமா என்று. பட்டறைப் படிப்பு முடியட்டும் என்று எழுதினேன். முடிந்தது, மறுபடி கேட்டான், கப்பலில் போய்ப் பழகித் திரும்பி வரட்டும், அறையை விட்டுவிடாதே என்றேன். பரீட்சை பாஸாகட்டும் என்றேன். நீ பாஸாக வேண்டும் என்று பனிமய மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன், தோற்றுவிட்டாய் என்று கடிதம் வந்த அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். நாலு தடவையும் அப்படித்தான். ஒரு தாய் எழுதக் கூடாத வரி இது, எழுதிவிட்டேன். போன பிப்ரவரியில் நீ ஜெயித்தாய், சிலுவை உடனே கார்டு போட்டான், யக்கா, பாஸாயிட்டான், நான் வரட்டுமா என்று. பையன் மறுபடி கப்பல் ஏறுகிற வரைக்கும் இரு என்று எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் பிறந்தால் உன் அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்பார், சிலுவ எப்ப வாரான் என்று. அடுத்த வருஷம் வாரான் என்று நான் சொல்வேன். பத்து நவம்பர் கேட்டார், பத்து நவம்பரும் சொன்னேன். இந்த வருஷம் கேட்கவில்லை. விடாமுயற்சியைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டவன் இந்த வீட்டுக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

சிலுவைக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. மறு கல்யாணத்துக்கு ஆலந்தலையில் ஒரு பெண் பேசினார்கள், அவள் மூன்று வருஷம் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அதற்கு நான்தான் காரணம், உன்னைச் சொல்லி என்ன. ஆனால் நான் செய்த தப்பால் ஒரு மனுஷர் உயிரோடு கரையில் இருந்தார். உன் கட்டுரை வந்து ஒரே சாயங்காலத்தில் அவரை யாருடைய கயிற்றிலும் இறங்கத் தயாராக்கிவிட்டது. இனி அவரை என்னால் நிறுத்த முடியாது. செத்தால் சாகட்டும் என்று விடவும் முடியாது. அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சிலுவையை ரயிலேற்றிவிடு. ரிசர்வேஷன் கிடைக்கவில்லை, டிக்கெட் இல்லை, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றெல்லாம் எனக்குப் பதில் எழுதாதே, நின்றுகொண்டு வரட்டும், அவன் நின்று பழகியவன். ஏற்றிவிட்டதும் தந்தி கொடு. அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று கையில் தந்தி இருந்தால், அவன் வரும் வரைக்கும் உன் அப்பாவை வாசலில் குறுக்கே படுத்தாவது நிறுத்துவேன்.

நீ வர வேண்டாம். மகன் கயிறு பிடிக்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது, இருந்தாலும் உன் கையில் கொடுக்கமாட்டேன். உன் அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போடாதே, அதையும் பேபிதான் வாசிக்க வேண்டும், அவள் இன்னும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்கிறாள். தப்பாக எழுதிவிட்டேன் என்று மலர்க்காரர்களுக்கும் எழுதாதே, அச்சடித்ததை இனி என்ன செய்ய. முங்காதீர்கள் என்று அப்பாவுக்கு எழுதிவிடாதே, உனக்காக ஒரு தடவை நிறுத்தினார், அது போதும். சிலுவை இல்லாமல் நீ சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், யோசித்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. அரிசியைக் களைந்து ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்துப் பார். நாலு தடவை குழைந்தாலும் ஐந்தாவது தடவை வந்துவிடும், அந்த விஷயத்தில் உனக்கு அனுபவம் இருக்கிறது. முட்டைக்கோஸ் வயிற்றுக்கு ஆகாது, குறைத்துக்கொள். ஈரத் தலையோடு வெளியே போகாதே.

இந்தக் கடிதத்தைச் சிலுவைக்குப் படித்துக் காட்டாதே. அக்காள் வரச் சொல்கிறாள், மச்சான் கடலில் இறங்கிவிட்டார் என்று மட்டும் சொல், அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவனை நான் இத்தனை வருஷம் அங்கே எதற்காக நிறுத்திவைத்தேன் என்பது உன் அப்பா காதுக்கு எந்தக் காலத்திலும் போகக் கூடாது, அந்த ஒன்றில் மட்டுமாவது உன் உறுதியைக் காட்டு. ஆசீர்வாதம் என்று எழுத இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை, எழுதாமல் ஒட்டினால் தூக்கம் வராது, அதனால் மாதா உன்னைக் காப்பாற்றட்டும், எடுத்துக்கொள். தந்தியை மறக்காதே.

பதினோரு வருஷம் உன் அப்பாவைக் கடலில் இறங்கவிடாமல் வைத்திருந்து, இன்றைக்கு அவருக்குக் கயிறு பிடிக்க ஆள் அனுப்பச் சொல்கிற

உன் அம்மா,
ம. ஞானபாய்